முந்நூறுக்குள் ஒரு நானூற்றைம்பது

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் தொழிலில் ஸ்க்ரூ டிரைவரைவிட அதிகம் தேய்ந்துபோவது "ஒண்ணும் ஆகாது சார்" என்ற வாக்கியம்தான். ஸ்க்ரூ டிரைவரையாவது தேய்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில், தி.நகரில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை பார்த்தேன். கீழே பாத்திரம், மேலே கம்ப்யூட்டர், இரண்டுக்கும் ஒரே முதலாளி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கீழே எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, மேலே நாங்கள் மதர்போர்டை முடுக்குவோம். அந்த நாட்களில் எங்களிடமோ எங்களைப் போன்றவர்களிடமோ மெஷின் வாங்கி, முக்கியமான ஒரு கடிதத்தின் நடுவில் திரை உறைந்து, மவுஸை மேஜையில் தட்டிப் பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே வியாதிக்காரர்கள். நீங்கள் நோயாளி வரிசையில் இருந்தீர்கள், நான் மருந்து கொடுக்கும் பக்கம் இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கையெழுத்து

எங்கள் கடையில் ஒரு வழக்கம். மெஷினைப் பூட்டி முடித்ததும் கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூ மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, அசெம்பிள் செய்தவர் அதில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி கிடையாது. கிழியாமல் இருந்தால், அந்த மெஷினுக்கு என்ன ஆனாலும் கையெழுத்துப் போட்டவன் தலை உருளும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா மந்தைவெளி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினார். என் டிகிரி சர்டிபிகேட்டை வாங்கிய அன்றே லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில் வைக்க அடுத்த காகிதத்துக்கும் இடம் விட்டிருந்தார். அது என் வேலை நிரந்தரம் என்று கடை லெட்டர்பேடில் வரப்போகும் கடிதம். "ஒரு வருசம் பாப்போம்" என்று சொல்லித்தான் அண்ணாச்சி என்னைச் சேர்த்திருந்தார். அந்த வருஷம் ஜூனில் முடியும்.

ஆகவே ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் இனிஷியல் உட்பட முழுப் பெயரையும், எழுத்து ஒன்றோடொன்று இடிக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவேன். என்னோடு வேலை செய்த பாஸ்கர் சைதாப்பேட்டைக்காரன். என்னைவிட இரண்டு வருஷம் சீனியர். அவன் கையெழுத்து ஒரு கோடு, ஒரு புள்ளி, முடிந்தது. ஒருநாள் நான் எழுதி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டான்: "மச்சி, மெஷினுக்கு சீல் போட்றியா, இல்ல சொத்து எழுதித் தர்றியா?"

எள்ளளவு தொப்பி

பாஸ்கர்தான் எனக்கு அந்த வித்தையைக் காட்டினான். மதர்போர்டில் ஒரு மூலையில் குட்டிக் குட்டி ஊசிக்கால்கள் வரிசையாக நிற்கும். எந்த இரண்டு கால்களின் மேல் எள்ளளவு பிளாஸ்டிக் தொப்பி உட்கார்ந்திருக்கிறதோ, அதைப் பொறுத்து ப்ராசசரின் வேகம். தொப்பிக்கு ஜம்பர் என்று பெயர். பாஸ்கர் அதை நகத்தால் நெம்பி எடுத்தான், கீழே விழாமல் இருக்க உதட்டில் ஒட்டிக்கொண்டான், அறுபத்தாறில் இருந்ததை நூறில் சொருகினான். அந்த எண் போர்டின் அடிப்படை வேகம், ப்ராசசர் அதைப்போல நாலரை மடங்கு ஓடும். ஸ்விட்சைப் போட்டான். முதுகில் முந்நூறு மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்த மலிவுச் சிப், நானூற்றைம்பதில் எழுந்து நின்றது. ஒன்றரை மடங்கு வேகம், ஒரு பைசா செலவில்லாமல். ஓவர்க்ளாக் என்ற வார்த்தையை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

எனக்கு வியர்த்துவிட்டது. எல்லாச் சிப்பும் ஒரே அடுப்பில் வெந்ததுதான், சந்தையில் மலிவுச் சரக்கும் ஓட வேண்டும் என்பதற்காக நல்ல சிப்பின் மேலும் முந்நூறு என்று அடித்துவிடுகிறார்கள் என்று பாஸ்கர் விளக்கினான். அது பாதி உண்மை என்று பிறகு தெரிந்துகொண்டேன். சில சிப்புகள் நிஜமாகவே முந்நூறுதான். எது எந்த ஜாதி என்று வெளியே பார்த்தால் தெரியாது, சூடானால்தான் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு அவ்வளவு ஞானம் இல்லை. "அவங்களே முந்நூறுன்னு எழுதியிருக்காங்களே?" என்று மட்டும் கேட்டேன். பாஸ்கர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அவன் எழுதிக்கினான், சரி. சிப்பு அத்தப் படிச்சுக்கீதா இன்னா?"

அடையாறு ஏ.சி. அறை

வேகத்தைக் கேட்டே வாங்கிய முதல் வாடிக்கையாளர் அடையாறு கௌதம். என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். அவனுடைய மெஷினுக்குத் தனி அறை, அறைக்கு ஏ.சி. கேபினெட்டின் ஒரு பக்கத்தைக் கழற்றி வைத்து, அதற்கு நேராக ஒரு பெடஸ்டல் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும். நானூற்றைம்பது அவனுக்குப் போதவில்லை. நானூற்று அறுபத்து நாலுக்கு ஏற்றினான். ஐந்நூற்று நாலில் திரை கறுத்துவிட்டது. வோல்டேஜைக் கூட்டிப் பார்க்கலாமா என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். கூட்டினால் ஓடலாம், ஆனால் சூடு ஏறும், சிப்பின் ஆயுள் குறையும், வாரண்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று சொன்னேன். சிகரெட் பெட்டியில் இருக்கும் எச்சரிக்கையைப் படிப்பவன் மாதிரி தலையாட்டினான்.

எதற்கு இவ்வளவு வேகம் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன். கேம் வழுக்கிக்கொண்டு ஓடுமாம். அது ஒரு காரணம். மலிவுச் சிப்பை வாங்கி விலை உயர்ந்த சிப்பைத் தோற்கடித்த சந்தோஷம் இன்னொன்று. மூன்றாவதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வந்த பிரகாசம்தான் அசல் காரணம்: பெசன்ட் நகரில் இருக்கும் அவன் நண்பனுடையது நானூற்றைம்பதைத் தாண்டவில்லை. சரி, நானூற்று அறுபத்து நாலை வைத்துக்கொண்டு தினமும் என்ன செய்வாய் என்றேன். "ஓடுதான்னு செக் பண்ணுவேன்" என்றான். காபி கொண்டுவந்த அவன் அம்மா, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஸ்பீடெல்லாம் சரிப்பா, காலையில இவன் பாத்ரூம்லேர்ந்து சீக்கிரம் வெளியில வர்றதுக்கு ஏதாவது ஜம்பர் இருக்கா?"

அண்ணாச்சியின் விதி

அடையாறு விஷயம் அண்ணாச்சி காதுக்குப் போனது. மேலே வந்தார். அந்தக் கால மலிவு கேபினெட்டுகளில் முன்பக்கம் சிவப்பு விளக்கில் ஒரு எண் எரியும், மெஷினின் வேகம் என்று. அண்ணாச்சிக்கு அந்தச் சிவப்பு எண் ரொம்பப் பிடிக்கும். மற்ற கடைக்காரர்கள் விட்ட பிறகும் அந்தக் கேபினெட்டையே தேடி வாங்குவார். ஒரு ரகசியம்: அந்த எண்ணுக்கும் மெஷினுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அதற்கும் பின்னால் தனி ஜம்பர் உண்டு. என்ன வைக்கிறோமோ அது எரியும். மெஷின் உள்ளே தூங்கினாலும் அது எரியும்.

அண்ணாச்சி முந்நூறு சிப் நானூற்றைம்பதில் ஓடுவதைக் கண்ணால் பார்த்தார். மறுவாரமே விலைப்பட்டியலில் 450 என்று புது வரி சேர்ந்தது. சிப் அதேதான், விலை மட்டும் கூட. வாங்குபவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமே என்று நான் பயந்து பயந்து கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. எவர்சில்வர் அண்டாவின் கனத்தைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கிப் போகிறவர்களை இருபது வருஷம் பார்த்தவர் அவர். இரண்டு நாள் விடாமல் ஓட்டிப் பார்த்து, நிற்காத மெஷினை மட்டும் நானூற்றைம்பது என்று அனுப்புகிறேன் என்றேன். அதற்குச் சம்மதித்தார். படியில் இறங்கப் போனவர் திரும்பிச் சொன்னார்: "கேட்டா சொல்லு தம்பி. கேக்காதவன்கிட்டப் போயி சொன்னா அது வியாவாரம் இல்ல, பாவமன்னிப்பு."

மாமாவின் வெல்வெட் உறை

மயிலாப்பூர் சேஷாத்ரி மாமா ரிடையரான அதிகாரி. அமெரிக்காவில் இருக்கும் பெண்ணுக்கு வாரம் ஒரு கடிதம் டைப் செய்து அனுப்ப மெஷின் வாங்கினார். அண்ணாச்சி அவருக்கு நானூற்றைம்பதையே கொடுத்தார். ஆயுத பூஜை முடிந்த வாரம் போன் வந்தது, இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடமாட்டேன் என்கிறது என்று. போய்ப் பார்த்தேன். கேபினெட்டுக்கு மாமி மெரூன் வெல்வெட்டில், ஜரிகை வைத்து, ஒரு உறை தைத்திருந்தார். பவர் பட்டனுக்கு மட்டும் ஒரு ஓட்டை. மெஷின் அந்த உறைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. உறையை எடுத்தால், பின்னால் காற்றுப் போகும் சல்லடை முழுக்கப் பூஜைச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. நானூற்றைம்பதில் ஓடும் சிப்புக்குக் கம்பளி போர்த்தி, மூக்கிலும் பஞ்சு வைத்த கதை.

சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மாமா கேட்டார், "ஏம்ப்பா இவ்வளவு சூடாறது?" கேட்டுவிட்டார். விதிப்படி சொல்லலாம். சொன்னேன், முந்நூறு, நானூற்றைம்பது, தொப்பி எல்லாம். திட்டுவார் என்று ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வெல்வெட் உறையை எடுத்து மடித்து வைத்தார். பிறகு முந்நூறுக்கே இறக்கிவிடச் சொன்னார். "நான் ஒரு விரலால டைப் அடிக்கறேன். 'அ' எங்க இருக்குன்னு நான் தேடிண்டிருக்கச்சே, அது சும்மா காத்துண்டிருக்கறதுக்கு எதுக்குப்பா இவ்வளவு வேகம்?"

கடல் காற்று

இனி ஸ்டெல்லா அக்கா. சாந்தோமில் ஒரு சந்துக்குள் அவரது டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, சர்ச் அறிவிப்பு, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு எல்லாம் டைப் செய்து கொடுப்பார். பழைய மெஷினில் படத்தோடு ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்பதால், வேகத்துக்காகவே எங்களிடம் நானூற்றைம்பது வாங்கினார். நான்தான் அசெம்பிள் செய்தேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன், ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. டிசம்பரில் கொண்டுபோய் வைத்தேன். வருகிறவர்களிடம் எல்லாம் அந்தச் சிவப்பு எண்ணைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

மே மாதம் வந்தது. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனவன் உள்ளே எட்டிப் பார்த்தேன். காலை பதினொன்றரை. மெஷின் ஹேங் ஆகி நின்றது. அக்கா பதற்றமே இல்லாமல் வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் பதினொரு மணிக்கு நின்றுவிடுமாம். ஒரு மணிக்கு மேல் கடல் காற்று வந்ததும் மறுபடி ஓடுமாம். அதற்குத் தகுந்தாற்போல வேலை நேரத்தையே மாற்றிக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ். அப்போதுதான் உறைத்தது, நான் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேனே, அது எங்கள் கடையின் ஏ.சி. அறையில். இந்தத் தொழிலில் நுழைந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. சென்னை மெஷினுக்குப் பரீட்சை வைத்தேன், ஊட்டியில். அக்கா காரணம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்: "மெஷின் தங்கம் தம்பி. வெயில்ல மனுஷனே நிக்க மாட்டறான், அது இன்னா பண்ணும் பாவம்!"

நாலாம் அத்தியாயம்

கடைக்கு வந்து சொன்னேன். அண்ணாச்சி, இன்னொரு ஃபேன் போடு என்றார். பாஸ்கர், வோல்டேஜை ஒரு புள்ளி ஏத்து, நிற்காது என்றான். அது சாந்தோம் அடுப்பில் இன்னொரு விறகு வைக்கிற யோசனை. நான் இன்னொரு ஃபேனைப் பொருத்திவிட்டு வந்தேன். தூசி அதிகம் என்று அக்காவிடம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை, தூசி இருந்தது.

ஆறாம் நாள், ஒரு ஆராய்ச்சி மாணவியின் ஆய்வேட்டைச் சேமித்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் நின்றது. மறுபடி ஓடியபோது நாலாம் அத்தியாயம் திறக்கவில்லை. ஃப்ளாப்பியில் மூன்றாவது வரைதான் இருந்தது. அறுபத்தெட்டுப் பக்கம். அந்தப் பெண் சமர்ப்பிக்க இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அவள் கடை வாசலில் கையெழுத்துப் பிரதியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள், திட்டக்கூடத் தெரியவில்லை. என் ஸ்டிக்கர் மட்டும் கேபினெட்டின் முதுகில், இனிஷியலோடு, கிழியாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். நான் பிரதியைப் பார்த்து வாசிக்க வாசிக்க அக்கா டைப் செய்தார். காலையிலும், கடல் காற்று வந்த பிறகும். இரண்டு ஞாயிறு. என் மனசாட்சிக்கு அது சௌகரியமான ஏற்பாடாக இருந்தது, அக்கா வாயைத் திறக்கும்வரை. கடைசிப் பக்கம் முடிந்ததும் ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்துச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம கூட வந்து ஒக்காந்து படிச்சியே, எந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரன் இப்படிச் செய்வான்? ஒன்னப் பெத்தவங்க குடுத்து வச்சவங்கடா."

சிவப்பு எண்

அந்தச் சோடாவைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள், அக்கா கல்யாணப் பத்திரிகைக் கட்டை ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு வரப் போயிருந்த அரைமணி நேரத்தில், கேபினெட்டைத் திறந்து தொப்பியை நூறிலிருந்து அறுபத்தாறுக்கு மாற்றினேன். மெஷின் முந்நூறுக்கு இறங்கியது. புது ஸ்டிக்கர் ஒட்டி மறுபடி முழுக் கையெழுத்துப் போட்டேன். ஸ்விட்ச் போட்டதும் திரையில் நிஜ வேகம் ஒரு வினாடி வந்து போகும், அதை யாரும் படிப்பதில்லை. முன்னால் எரியும் சிவப்பு எண்ணை மட்டும் தொடவில்லை. அது நானூற்றைம்பதிலேயே இருந்தது. தொட்டால் கேட்பார், கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் அண்ணாச்சிக்குப் போகும். ஜூன் நடுவில் என் வருஷம் முடிய இன்னும் மூன்று வாரம்தான்.

நான் செய்ததை நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அதுவரை அந்த மெஷின் அரைப் பொய்: சொன்ன வேகத்தில் ஓடியது, ஆனால் தாங்கவில்லை. அதை நல்லபடியாக்கப் போய் முழுப் பொய் ஆக்கிவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போன் வந்தது. ஸ்டெல்லா அக்கா. மத்தியானம்கூட நிற்காமல் ஓடுகிறதாம், ஒரு நாளில் முன்பைவிட நிறையப் பக்கம் முடிகிறதாம். குரலில் அப்படி ஒரு குஷி. "முன்ன விட ஸ்பீடா கீது தம்பி! இன்னா பண்ணே?"

ஆட்டோ மீட்டர்

கேட்டுவிட்டார். அண்ணாச்சியின் விதிப்படியே நான் சொல்லியிருக்க வேண்டும். "க்ளீன் பண்ணேன்க்கா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாள் காலை அப்பா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மீட்டரைத் திருத்தாதவர். திருத்தாத மீட்டரையும் சவாரிக்காரர்கள் சந்தேகப்படுவது அவருடைய நிரந்தரக் குறை. நான் பக்கத்தில் நின்று விஷயத்தைச் சொன்னேன். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் இது உடனே புரிந்துவிட்டது. "வண்டி நெசமாவே அவ்ளோ ஓடுதா, இல்ல மீட்டர் மட்டும் ஓடுதா?" என்று கேட்டார். "முன்னாடி வண்டி ஓடிச்சு. இப்ப மீட்டர் மட்டும்தான்" என்றேன். துணியைப் பிழிந்து ஹேண்டிலில் போட்டுவிட்டுச் சொன்னார்: "அதுக்கு இன்னாத்துக்குடா காலேஜு போன? எங்க ஸ்டாண்டுலயே கத்துக் குடுத்திருப்பானுங்களே!"

அக்கா டைப் செய்து முடித்த வரி

அன்று மத்தியானம் சாந்தோம் போனேன். அக்கா சர்ச் அறிவிப்பு ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்: சிப் முந்நூறு என்று. டிசம்பரிலிருந்து அதை நானூற்றைம்பதில் ஓட்டினோம் என்று. வெயிலில் அது தாங்கவில்லை, நாலாம் அத்தியாயம் போனதற்குக் காரணம் வெயில் இல்லை என்று. போன வாரம் சுத்தம் செய்யவில்லை, ஒரு குட்டித் தொப்பியை மாற்றி முந்நூறுக்கு இறக்கினேன் என்று. முன்னால் எரியும் எண் சும்மா என்று.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்தார். சேமித்தார். சேமிப்பாகிவிட்டதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார், அந்தப் பழக்கம் அவருக்கு என்னால் வந்தது. பிறகு நாற்காலியைத் திருப்பினார். திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மே மாசம் பூரா, காத்து சீக்கிரம் வரணும்னு மாதாகிட்ட ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன்டா. ஒரு தொப்பிய மாத்தணும்னு எனக்கு யாரு சொன்னா?"

இன்னும் ஆறு மாதம்

மறுநாள் அவர் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். மாடியில் அப்போது மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். நேராக அண்ணாச்சியின் மேஜை மேல் கேபினெட்டை வைத்து, முன்னால் எரியும் எண்ணை முந்நூறாக்கிக் கொடுங்கள், பில்லையும் அப்படியே மாற்றி எழுதுங்கள், விலை வித்தியாசத்துக்கு ஒரு யூ.பி.எஸ். கொடுங்கள் என்றார், சத்தம் போடாமல். மூன்று வாடிக்கையாளர்களும் அவரவர் பார்த்துக்கொண்டிருந்த சிவப்பு எண்ணை இன்னொரு முறை பார்த்தார்கள். அண்ணாச்சி எல்லாவற்றையும் கொடுத்தார். பாஸ்கர் ஜம்பரை மாற்றினான், உதட்டில் ஒட்டிக்கொள்ளக்கூட மறந்து, ஒன்றைக் கீழே போட்டான்.

அக்கா போன பிறகு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "நீ சொன்னியா?" என்றார். "அவங்க கேட்டாங்க, அண்ணாச்சி. கேட்டா சொல்லுன்னு நீங்கதான்..." என்றேன். அக்கா கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் நடுவில் "க்ளீன் பண்ணேன்க்கா" என்று ஒரு பொய் இருந்ததை நான் சொல்லவில்லை; அன்று சாயங்காலம் அதையும் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் விலைப்பட்டியலில் 450 என்ற வரியை அவரே அடித்தார். வேகம் கூட்ட வேண்டும் என்று கேட்பவர், சூடு, ஆயுள், வாரண்டி எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று புது வழக்கம் வந்தது. அடையாறு கௌதம்தான் முதலில் போட்டான், சந்தோஷமாக. ஜூன் பதினைந்தாம் தேதி அண்ணாச்சி லெட்டர்பேடில் கடிதம் தந்தார். பிரித்துப் படித்தேன். பரீட்சைக் காலம் நீட்டிக்கப்படுகிறது என்று இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை, இல்லாத மாதிரியும் தெரியவில்லை. "மெசினை எல்லாம் ரெண்டு நாளு ஓட்டிப் பாத்துத்தான அனுப்புத? ஒன்னையும் இன்னும் ஆறு மாசம் ஓட்டிப் பாக்கேன்."

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் அப்பாவுக்கு ஒவ்வொரு வரியாகப் பொருள் சொன்னேன், நிரந்தரம் இல்லை என்பதை இரண்டு முறை சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கடை சீல் இருக்குல்ல?" என்று கேட்டு, சாயங்காலம் அதையும் லேமினேட் செய்து கொண்டுவந்துவிட்டார்.

ஆக, அந்த வருஷம் எங்கள் கடையிலிருந்து எழுதியிருந்ததற்கு மேல் ஒரு புள்ளிகூட ஏறாமல், சூடாகாமல், நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தவை மயிலாப்பூர் மாமாவின் மெஷினும் சாந்தோம் ஸ்டெல்லா அக்காவின் மெஷினும் என் சம்பளமும் மட்டும்தான்.